ஊராட்சிச் சாலைகளில் வேகத்தைக் கண்காணிக்கும் தன்னார்வலர்கள்: நம் கன்னியாகுமரி மாவட்டத்து மக்கள் ஏற்பார்களா?

வில்லுக்குறிவாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான்குவழிச் சாலைப் பணி, மார்த்தாண்டம் மேம்பாலம், கனிமவள லாரிகள் ஆகியவற்றைப் பற்றி இங்கே நிறையப் பேசியாகிவிட்டது. பெரிய சாலைகளிலிருந்து பிரிந்து ஊருக்குள் நுழையும் ஊராட்சிச் சாலைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,680 சதுர கிலோமீட்டர் பரப்பில் 18.7 லட்சம் பேர் வாழும் மாவட்டம் நம்முடையது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெற்றிடம் கிடையாது. தோட்டம், வீடு, கடை, கோயில், குருசடி (சாலையோரச் சிலுவைக் கோயில்), பள்ளிவாசல் என்று தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். பல வீடுகளில் கேட்டைத் திறந்து ஓரடி எடுத்து வைத்தால் கால் தாரில் படும். நடைமேடை என்பது பேரூராட்சிப் பகுதிகளிலேயே அபூர்வம். சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தவரை வண்டிகள் மெதுவாகப் போயின. புதிதாகத் தார் போட்ட மறுநாளே வேகம் கூடிவிட்டது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்றும், அவர்களில் நூற்றுக்கு 71 பேரின் இறப்பு அதிவேகத்தோடு தொடர்புடையது என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பதிவு செய்திருக்கிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு.

இதுவரை நமக்குத் தெரிந்த ஒரே மருந்து வேகத்தடைதான். மனு கொடுத்துக் கிடைக்காத இடங்களில் இளைஞர்களே ஓரிரவில் சிமென்ட் கலவையைக் குவித்துவிடுகிறார்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாக, வளைவாக ஏறி வளைவாக இறங்க வேண்டும். நம் ஊர்களில் உள்ளவை முழங்கை அகலத்தில் செங்குத்தாக நிற்கின்றன. வேகமாக வருபவன் அதில் ஏறி விழுகிறான். மெதுவாக வருபவரின் பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்ந்திருக்கும் பெண்ணின் இடுப்பு போய்விடுகிறது.

இங்கிலாந்தில் ஊர்மக்களே மஞ்சள் மேலங்கி அணிந்து சாலையோரத்தில் நின்று, வேகமாகச் செல்லும் வண்டிகளின் எண்ணைக் குறித்துக் காவல்துறைக்குக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. யாரையும் நிறுத்துவதில்லை, அபராதமும் இல்லை. அதை நம் ஊராட்சிகளில் செய்து பார்க்கலாம் என்பது என் கருத்து. அப்படி நிற்பவர்களை நம் மக்கள் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்பதே எனக்குள்ள பெரிய கேள்வி.

அஞ்சுகிராமத்தான்

நோக்கத்தை மதிக்கிறேன், ஆனாலும் இதை எதிர்க்கிறேன்.

காவல்துறைக்கும் மக்களுக்கும் இடையே நெருக்கத்தை உண்டாக்குவதற்காக 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் போலீஸ் நண்பர்கள் குழு தொடங்கப்பட்டு, பிறகு மாநிலம் முழுவதும் விரிந்தது. தொடங்கியவர்களின் எண்ணத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. 2020 ஜூனில் நமக்கு அருகிலிருக்கும் தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு அந்த அமைப்புக்கே தடை விதித்தது. நம் மக்கள் அதை மறந்துவிடவில்லை.

அதிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குத் தனக்கும் அதிகாரம் வந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிடும். முதல் மாதம் எண்ணைக் குறிப்பான். இரண்டாம் மாதம் கையைக் காட்டி வண்டியை ஓரங்கட்டச் சொல்வான். மூன்றாம் மாதம் சாவியைப் பிடுங்குவான். ஊருக்குள் பகை இருக்கும் இடத்தில் இது எங்கே போய் முடியும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கருங்கல் செவிலி

வில்லுக்குறி அண்ணனுக்கு வணக்கம். நான் கருங்கலுக்குப் பக்கத்து ஊர்க்காரி. இங்கிலாந்தில் மருத்துவமனைப் பணியில் இருக்கிறேன். நான் குடியிருக்கும் சிற்றூரில் இந்தக் குழு இயங்குவதால் நேரில் கண்டவற்றை எழுதுகிறேன்.

தன்னார்வலர்கள் காவல்துறையிடம் பெயர் பதிந்து பயிற்சி பெற்ற பிறகே சாலைக்கு வர முடியும். எங்கே நிற்கலாம் என்பதையும் காவல்துறைதான் பார்த்து ஒப்புதல் தருகிறது. தனியாக ஒருவர் நிற்பதில்லை. எங்கள் ஊரில் மூவராக நிற்கிறார்கள்: ஒருவர் வேகமானியைப் பிடித்திருப்பார், ஒருவர் வண்டியின் எண்ணை உரக்கச் சொல்வார், மூன்றாமவர் எண், நிறம், வண்டியின் வகை, வேகம், நேரம் ஆகியவற்றை எழுதுவார். எல்லாமே வெளிப்படை. தூரத்திலிருந்தே தெரியும் மஞ்சள் மேலங்கி அணிந்திருப்பார்கள். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்பது அறவே கூடாது. இங்கே ஊருக்குள் வேக எல்லை பெரும்பாலும் மணிக்கு 30 மைல், அதாவது ஏறத்தாழ 48 கிலோமீட்டர். 31 மைலில் சென்றவரை யாரும் எழுதுவதில்லை. 35 அல்லது 36 மைலைத் தாண்டியவர்களையே குறிக்கிறார்கள்.

அந்தத் தாளைக் காவல்துறை சரிபார்த்து, எண்ணும் வண்டியின் வகையும் நிறமும் பொருந்தினால் மட்டும் உரிமையாளருக்குக் கடிதம் அனுப்புகிறது. அதில் அபராதமும் இல்லை, உரிமத்தில் தண்டனைப் புள்ளியும் இல்லை. அதே வண்டி மீண்டும் மீண்டும் சிக்கினால் காவலர் வீட்டுக்கு வந்து பேசுவார், அல்லது அந்தச் சாலையில் காவல்துறையே வேகமானியோடு வந்து நிற்கும். உரிமையாளர் யார் என்பது எழுதியவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. அஞ்சுகிராமம் அண்ணன் அஞ்சுகிற அதிகாரம் அவர்கள் கையில் ஒரு துளியும் வருவதில்லை என்பதற்காகத்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

மக்களின் மனநிலையைக் கேட்டீர்கள். இங்கேயும் எல்லோரும் கும்பிட்டு வரவேற்பதில்லை. பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் தாய்மார் நின்று நன்றி சொல்கிறார்கள். சிலர் வேண்டுமென்றே ஒலிப்பானை அழுத்திக்கொண்டு போகிறார்கள். கண்ணாடியை இறக்கி, வேலை இல்லாதவர்கள் என்று கத்துகிறவர்களும் உண்டு. வேல்ஸ் பகுதியில் 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளின் பொது வேக எல்லையை 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைத்தபோது, அதை எதிர்த்து நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். வேகத்தைக் குறைக்கச் சொன்னால் கோபம் வருவது எந்த நாட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

இரணியல் இளைஞன்

அக்கா சொல்வது அந்த நாட்டுக்குப் பொருந்தும். இங்கே கடிதம் யாருக்குப் போகும்? எங்கள் பக்கத்தில் ஓடும் பைக்குகளில் பல கைமாறிக் கைமாறி வந்தவை. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். கடிதம் மூன்றாவது கைக்கு முந்தைய உரிமையாளர் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். எங்கள் சாலையில் வேக எல்லை எவ்வளவு என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை. எழுதாத எல்லையை மீறினேன் என்று என்னை எப்படிக் குறிப்பீர்கள்? வேகமாகப் போகிறவன் எல்லாம் பொறுப்பற்றவன் என்ற பேச்சும் சரியில்லை. ஆறு மணிக்கு நாகர்கோவிலில் வேலையில் நிற்க வேண்டியவனுக்குப் பேருந்து கிடைக்காத ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

தக்கலை வழக்கறிஞர்

இரணியல் தம்பியின் இரண்டு கேள்விகளும் நேர்மையானவை. முதலில் பலகை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட பகுதிக்கோ சாலைக்கோ பொதுவான உச்சவரம்பைவிடக் குறைந்த வேக எல்லையை மாநில அரசு விதிக்கலாம். விதித்தால் அதைச் சாலைக் குறிகளால் அறிவிக்க வேண்டும். ஆகவே பலகை இல்லாத சாலையில் 30 கிலோமீட்டர்தான் எல்லை என்று நாமாக முடிவுசெய்து எழுதுவது சட்டத்தில் நிற்காது. பள்ளி, சந்தை, மருத்துவமனை உள்ள துண்டுச் சாலைகளுக்கு எல்லையை நிர்ணயித்துப் பலகை வைக்கும்படி மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் கேட்பதுதான் முதல் வேலை. சட்டத்தின் 215ஆம் பிரிவில் அத்தகைய குழுவுக்கு இடம் உண்டு. ஆட்சியரின் தலைமையில் கூடுகிறது. ஊராட்சித் தீர்மானம் ஒன்றும் இணைந்திருந்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

பெயர் மாற்றாத வண்டியைப் பொறுத்தவரை, விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 50ஆம் பிரிவு சொல்கிறது. பழைய உரிமையாளர் வீட்டுக்கு ஒரு கடிதம் போனால், பெயரை மாற்றச் சொல்லி அவரே வாங்கியவரை நெருக்குவார். அதுவும் நல்லதுதானே.

அஞ்சுகிராமத்து நண்பரின் அச்சத்துக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஓட்டுநரை நிறுத்தும்படி கேட்கும் உரிமையை 132ஆம் பிரிவு சீருடையில் இருக்கும், உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரிக்கே தருகிறது. தன்னார்வலர் கைகாட்டி மறித்தால் அது தன்னார்வலரின் குற்றம். சாவியைப் பிடுங்கினால் சொல்லவே வேண்டாம்.

2019 திருத்தத்துக்குப் பிறகு 183ஆம் பிரிவின்படி அதிவேகத்துக்கு இலகு ரக வாகனமானால் 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர, கனரக வாகனமானால் 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் அபராதம். இந்த அபராதத்தைத் தன்னார்வலர் எழுதிய தாளை வைத்து விதிக்க முடியாது. மின்னணுக் கருவி வழியாக விதிப்பதற்கே 136ஏ பிரிவும், 2021இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதியும் கடுமையான நிபந்தனைகளை வைத்திருக்கின்றன. கருவிக்கு ஆண்டுதோறும் ஒப்புதல் சான்று வேண்டும். கண்காணிக்கப்படும் இடம் என்று பலகை வைக்க வேண்டும். 15 நாளுக்குள் அறிவிப்பு போக வேண்டும். அந்தக் கருவிகளும் நெரிசலும் ஆபத்தும் மிகுந்த தேசிய, மாநில நெடுஞ்சாலைகளுக்கும் பெருநகரச் சந்திப்புகளுக்கும்தான் முதலில் போகின்றன. ஓர் ஊராட்சிச் சாலைக்குக் கேமரா வந்து சேர எத்தனை காலமாகும் என்று நினைத்துப் பாருங்கள். கேமராவும் வராது, காவலரும் வர மாட்டார் என்ற இந்த இடைவெளியில்தான் தன்னார்வலருக்கு வேலை இருக்கிறது. அவர் எழுதுவது தண்டனைக்கான சாட்சியம் ஆகாது. எங்கே, எந்த நேரத்தில் காவல்துறை வந்து நிற்க வேண்டும் என்பதைக் காட்டும் தகவல்.

ஒரு எச்சரிக்கை. எண்ணைக் குறிக்கும் கையோடு படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லாம் கெட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. வண்டியில் யார் யாரோடு போனார்கள் என்பது ஊர்ப்பேச்சாக மாறினால், மறுநாள் எந்தத் தன்னார்வலரையும் எவரும் நம்ப மாட்டார்கள்.

மார்த்தாண்டம் மினிபஸ் ஓட்டுநர்

இந்தப் பேச்சில் ஓட்டுநர் தரப்பு ஒன்றும் வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மினிபஸ்காரன் பறக்கிறான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் பறக்கிறான் என்று கேட்கிறவர்கள் குறைவு. எனக்குக் கொடுத்திருக்கும் டைமிங்கில் இரண்டு நடைகளுக்கு இடையில் இருக்கும் நேரம், அந்தச் சாலையில் இவ்வளவு வண்டிகள் இல்லாத காலத்தில் கணக்கிட்டது. பள்ளி விடும் நேரத்தில் சந்திப்பில் சிக்கிக்கொண்டால் பத்து நிமிடம் போய்விடும். அதை ஊருக்குள் உள்ள நேர்ச்சாலையில்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. பின்னால் வரும் பஸ் என்னை முந்திவிட்டால் அடுத்த நிறுத்தத்தின் ஆட்கள் அவனுக்குப் போய்விடுவார்கள். என் பேட்டா வசூலைப் பொறுத்தது. வேகத்தை நான் நியாயப்படுத்தவில்லை. குருசடி வளைவில் குழந்தை ஒன்று பந்தின் பின்னால் ஓடி வந்ததைப் பார்த்து பிரேக்கை மிதித்தபோது, வண்டி நின்ற இடத்துக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒரு கை நீளம் இருந்தது. நடத்துநர் இறங்கிப் போய்ப் பிள்ளையைத் தூக்கி வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தார். நான் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை; எடுக்க வரவில்லை.

அதனால் எழுதுங்கள், நான் எதிர்க்கவில்லை. ஆனால் எந்த நடையில், எந்த நேரத்தில், எத்தனை நிமிடம் தாமதமாக வந்த பஸ் வேகமாகப் போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேகத்தை மட்டும் எழுதினால் கடிதம் ஓட்டுநருக்கு வரும். தாமதத்தையும் எழுதினால் டைமிங்கை மாற்றிக் கேட்க ஒரு ஆதாரமாகும்.

வில்லுக்குறிவாசி

ஓட்டுநர் நண்பர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இது எனக்குத் தோன்றாத கோணம். படிவத்தில் அதற்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டும்.

வேகத்தை எப்படி அளப்பது என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டார்கள். காவல்துறை வேகமானியோடு வந்தால் நல்லது. அதற்கு முன், நிலைமையை அறிய ஒரு கணக்கெடுப்பு செய்வதற்குப் பெயின்ட் டப்பாவும் நிறுத்துக்கடிகாரமும் போதும். நேராக உள்ள சாலையில் 100 மீட்டரை நாடாவால் அளந்து இரு முனைகளிலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு போட வேண்டும். முதல் கோட்டில் நிற்பவர் வண்டியின் முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் கையை இறக்குவார். அடுத்த கோட்டில் கடிகாரத்தோடு நிற்பவர் அந்தக் கணத்தில் அழுத்தி, வண்டி தன்னைக் கடந்ததும் நிறுத்துவார். 9 வினாடி எடுத்தால் மணிக்கு 40 கிலோமீட்டர், 6 வினாடி என்றால் 60, நாலரை வினாடி என்றால் 80. கை தடுமாறுவதால் மூன்றில் ஒரு வினாடி பிசகினாலும், 60இல் வந்த வண்டியை 57 என்றோ 64 என்றோ எழுதுவோம். அதற்கு மேல் பிழை வராது. யாரையும் குற்றஞ்சாட்ட இந்த அளவை பயன்படாது, பயன்படுத்தவும் கூடாது. பள்ளி தொடங்கும் நேரத்தில் இந்தச் சாலையில் போகும் வண்டிகளில் எத்தனை 50ஐத் தாண்டுகின்றன என்று ஆட்சியரிடம் சொல்ல இது போதும்.

இரணியல் இளைஞன்

40க்கும் 60க்கும் இடையில் அப்படி என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திங்கள்சந்தை

தம்பி, வித்தியாசம் பெரியது. 40இல் வரும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் நகர்கிறது. 60இல் வருவது ஏறத்தாழ 17 மீட்டர். ஆபத்தைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஆகும் அந்த ஒரு வினாடியிலேயே ஆறு மீட்டர் கூடுதலாகப் போய்விடுகிறாய். நம் சாலைகளின் அகலமே பல இடங்களில் அவ்வளவு இராது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர் பறிக்கும் விபத்துக்கான வாய்ப்பு 4 விழுக்காடு கூடுகிறது என்றும், 50இல் மோதும் காரைவிட 65இல் மோதும் கார் நடந்து செல்பவரைக் கொல்லும் வாய்ப்பு நாலரை மடங்கு என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள நினைத்தாயே, அதற்காக உன்னைப் பாராட்டுகிறேன்.

மக்களின் மனநிலையைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் 1982 மண்டைக்காடு மதக் கலவரத்தை நேரில் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. சாலையில் நடக்கும் ஒரு சிறிய உரசல், இறங்கி நின்றவர்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள், எந்தக் கோயிலுக்கோ ஆலயத்துக்கோ போகிறவர்கள் என்ற கேள்வியாக எவ்வளவு விரைவில் மாறும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரே தெருவைச் சேர்ந்த மூன்று பேர் ஒன்றாக நிற்பதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. கோயில் கமிட்டி, பங்குப்பேரவை, ஜமாத் மூன்றிலிருந்தும் ஆள் கேட்டு, எப்போதும் கலந்தே நிறுத்த வேண்டும். கட்சிக் கரை வேட்டியோடு யாரும் வரக் கூடாது. மற்ற நிபந்தனைகளைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இது இல்லையென்றால் நானே எதிர்ப்பேன்.

குளச்சல் வட்டார மகளிர் குழு உறுப்பினர்

ஐயா சொன்னதோடு பெண்களையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறேன். பகலில் ஊரில் இருப்பது நாங்கள்தான். பிள்ளையைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிடச் சாலையோரத்தில் நிற்பதும் நாங்கள்தான். எந்த வண்டி எப்படிப் போகிறது என்று எங்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் யார்?

ஆனால் நின்று எழுதினால் என்ன பேச்சு வரும் என்பதையும் அறிவோம். ஆண்களைப் பார்த்து, உனக்கு வேற சோலி இல்லையா என்று கேட்பார்கள். எங்களைப் பார்த்தால் அதைவிட மோசமாகக் கேட்பார்கள். வீட்டு ஆண்களிடம் போய்ப் புகார் சொல்வார்கள். எங்கள் பகுதியில் விபத்து நடந்த ஒரு வளைவில் சில பெண்கள் சிவப்புத் துணியைக் காட்டி வண்டிகளை மெதுவாகப் போகச் சொன்னபோது, முதலில் திட்டியவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்லர். சொந்த ஊர்ப் பையன்கள், அதிலும் ஒருத்தியின் கொழுந்தன் மகன். வேகமாகப் போகிறவன் யாரோ எங்கிருந்தோ வருகிறான் என்று நினைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. கேரளப் பதிவெண் வண்டி என்றால் எல்லோரும் உற்சாகமாக எழுதுவார்கள். டி.என். 75 என்று தொடங்கும் எண்ணை, அது தன் அக்காள் மகனுடைய வண்டி என்று தெரிந்தபின்பும் எழுதுகிறவர்தான் எங்களுக்கு வேண்டும். அப்படி ஒருமுறை எழுதிவிட்டால் ஊர் நம்பும்.

பதினெட்டு வயது ஆகாத பையன்களிடம் வண்டியைக் கொடுக்கும் பெற்றோரைப் பற்றியும் வக்கீல் சார் எழுத வேண்டும்.

தக்கலை வழக்கறிஞர்

சகோதரி கேட்டது 199ஏ பிரிவு. சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. வெளிநாட்டுப் பணத்தில் பிள்ளைக்குப் பைக் வாங்கிக் கொடுக்கும் தந்தையர் பலர் இந்தப் பிரிவைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. தன்னார்வலர் குழு வேறு எதையும் செய்யாவிட்டாலும், பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களில் இதைப் படித்துக் காட்டினாலே பெரிய உதவி.

குலசேகரம் பால்வெட்டுத் தொழிலாளி

நாங்கள் விடிவதற்கு வெகு முன்னரே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர்கள். பள்ளி நேரத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். அந்த நேரத்தில் சாலையில் நாங்களும், மீன் வண்டியும், தோவாளையிலிருந்து பூ ஏற்றிக் கேரளத்துக்குப் போகும் வண்டிகளும், பாறை ஏற்றிய டாரஸ் லாரிகளும்தான் இருப்போம். லாரி எதிரே வந்தால் நாங்கள் சைக்கிளோடு ஓடைக்குள் இறங்கி நிற்கிறோம். அந்த இருட்டில் யார் வந்து நின்று எழுதுவார்கள்? எழுத வேண்டாம், நிற்பவர்களுக்கே ஆபத்து. ஆனால் இந்தச் சாலையில் இந்த நேரத்தில் லாரி இப்படிப் போகிறது என்று நாங்கள் சொன்னால் குறித்துக்கொள்ள ஓர் ஏடு இருந்தால் போதும்.

அஞ்சுகிராமத்தான்

இவ்வளவையும் படித்தேன். வழக்கறிஞர் சொன்ன வரம்புகள் தாளில் நன்றாக இருக்கின்றன. தாளில் நன்றாக இருந்த பலவற்றை நாம் பார்த்திருக்கிறோம் என்பதால் என் ஐயம் முழுதாகத் தீரவில்லை. இதைத் தொடங்குவதாக இருந்தால் மூன்றைக் கேட்பேன். காவல் நிலையத்தின் பெயர் பொறித்த அடையாள அட்டை எதுவும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஊராட்சி கொடுக்கும் மேலங்கி போதும். எழுதுவதற்குப் பணமோ பரிசோ கூடாது. கோவாவில் 2017இல் விதிமீறலைப் படமெடுத்து அனுப்புவோருக்குப் புள்ளிகளும் பரிசும் தந்தபோது எழுந்த எதிர்ப்பும், படமெடுத்தவர்கள் மீது நடந்த தாக்குதலும் நமக்குப் பாடம். மூன்றாவதாக, எண்களை மறைத்துவிட்டுக் கணக்கை மட்டும் கிராம சபையில் வாசிக்க வேண்டும். இந்த முறை தொடரலாமா என்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சபையே முடிவு செய்யட்டும். சபை வேண்டாம் என்றால் அன்றே மேலங்கியைக் கழற்றிவிட வேண்டும்.

கருங்கல் செவிலி

அண்ணன் கேட்ட மூன்றும் சரியானவையே. பரிசு என்ற பேச்சே இங்கேயும் கிடையாது. மழையில் நின்று எழுதிவிட்டுத் தேநீர் குடித்துப் பிரிகிறார்கள். நான்காவதாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். திட்டுகிறவர்களுக்குப் பதில் பேசக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். வண்டியை நிறுத்தி யாராவது தகராறு செய்தால், எழுதுவதை நிறுத்திவிட்டு அங்கிருந்து போய்விடுவார்கள். நம் ஊரில் இதுதான் மிகக் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பதிலுக்குப் பதில் பேசாமல் வருவதை நம் ஆட்கள் மானக்கேடாக நினைப்பார்கள். அதை முன்கூட்டியே பேசிப் பழக்க வேண்டும்.

வில்லுக்குறிவாசி

எல்லோரும் சொல்லியதையும் சேர்த்து மனு ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுப்பதாக எண்ணம். மனுவின் முதல் கோரிக்கை, இரணியல் தம்பி கேட்ட வேக எல்லைப் பலகை. அது வராமல் ஒரு வண்டியின் எண்ணையும் எழுதப் போவதில்லை. பலகை வரும்வரை 100 மீட்டர் கணக்கெடுப்பை மட்டும், எண் குறிக்காமல் செய்யலாம். நவம்பர் 1ஆம் தேதி, மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த அதே நாளில், கிராம சபையும் கூடும். அங்கே கணக்கை வாசித்து, எண் குறிக்கும் கட்டத்துக்குப் போகலாமா என்று சபையைக் கேட்போம். கூலிக்காரர்கள் சொல்வதைக் குறிக்கும் ஏடு எங்கே இருக்கும் என்பதைக் குலசேகரத்து நண்பரே சொல்லட்டும்; அவர்கள் விடியற்காலையில் டீ குடிக்கும் கடை ஒன்று பொருத்தமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

மார்த்தாண்டம் மினிபஸ் ஓட்டுநர்

மனுவில் ஓட்டுநர்கள் சார்பில் நானும் கையெழுத்திடுகிறேன். வேறு இரண்டு மினிபஸ் ஓட்டுநர்களிடமும் பேசினேன். ஒருவர் சம்மதித்தார். மற்றவர், டைமிங் பத்தி படிவத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து என்கிறார். படிவத்தை இங்கே போடுங்கள், அவரிடம் காட்டுகிறேன்.